இதழ் ஒட்டாத போட்டி: அருணையின் சொல்லாட்ட மரபும் இன்றைய பந்தயமும்

திருவண்ணாமலையில் மலையின் தென்புற அடிவாரத்தில், செங்கம் சாலையை ஒட்டி அமைந்துள்ள ரமணாசிரமப் பகுதி தியானத்திற்கும் கிரிவலத்திற்கும் பெயர்பெற்றது. எழுத்துகளுக்குக் கடுமையான விதிகளை வகுத்துக்கொண்டு, அவற்றை மீறாமல் பாடி வெல்லும் புலமை விளையாட்டோடு இந்த ஊருக்கு உள்ள தொடர்பு அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. 15ஆம் நூற்றாண்டின் அருணகிரிநாதர், 17ஆம் நூற்றாண்டின் சிவப்பிரகாச சுவாமிகள், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு வாழ்ந்த காவிய கண்ட கணபதி முனி ஆகிய மூவருமே அருணாசலத்தோடு பிணைந்தவர்கள். மூவர் வரலாற்றிலும் ஒரு சொற்போட்டி முக்கிய இடம் பெறுகிறது. உலகின் பல நகரங்களில் சனி, ஞாயிறுகளில் நடைபெறும் ஸ்கிராபிள் பந்தயங்களை இந்த மரபின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, தமிழுக்கென்று ஒரு சொல்லாட்டப் பந்தயம் எவ்வாறு அமையவேண்டும் என்பது தெளிவாகிறது.

பலகையும் கடிகாரமும்

ஸ்கிராபிள் ஆட்டத்தை உருவாக்கியவர், 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்ஃபிரட் பட்ஸ். செய்தித்தாளின் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்து, அதற்கேற்ப எழுத்துவில்லைகளின் எண்ணிக்கையையும் மதிப்பையும் அவர் வகுத்தார். மிகுதியாக வரும் ‘ஈ’ என்னும் ஆங்கில எழுத்துக்கு 12 வில்லைகளும் ஒவ்வொன்றுக்கும் 1 புள்ளியும் உண்டு. அரிதாக வரும் ‘க்யூ’, ‘இசட்’ ஆகியவற்றுக்கு ஒரே வில்லையும் 10 புள்ளிகளும் உண்டு. ‘எஸ்’ எழுத்தை எந்தப் பெயர்ச்சொல்லோடும் ஒட்டிப் பன்மையாக்கி எளிதில் புள்ளி சேர்த்துவிடலாம் என்பதால், அதற்கு 4 வில்லைகள் மட்டுமே தரப்பட்டன. ஜேம்ஸ் புரூனோ என்பவர் 1948இல் இன்றைய பெயரைச் சூட்டி ஆட்டத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

வீட்டில் பொழுதுபோக்காக ஆடப்படும் இந்த ஆட்டம், பந்தயக் கூடத்தில் கடுமையான ஒழுங்குக்கு உட்படுகிறது. பக்கத்துக்கு 15 கட்டங்கள் கொண்ட பலகையில் இருவர் மட்டுமே எதிரெதிரே அமர்ந்து ஆடுவர்; ஒவ்வொருவர் கையிலும் 7 வில்லைகள் இருக்கும்; ஏழையும் ஒரே சொல்லில் இறக்கிவிட்டால் ‘பிங்கோ’ எனப்படும் 50 புள்ளி ஊக்கம் கிடைக்கும். ஆட்டம் முழுவதற்குமாக ஒருவருக்குக் கிடைப்பது 25 நிமிடங்களே. அதற்கு மேல் எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 10 புள்ளிகள் கழிக்கப்படும். பையிலிருந்து வில்லை எடுக்கும்போது உள்ளே கண் போகக்கூடாது என்பதற்காகப் பையைக் கண்மட்டத்துக்கு மேலே உயர்த்திப் பிடிக்கவேண்டும் என்பதும் விதி. தோற்றவரை வெளியேற்றாமல், ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில் வெற்றி பெற்றவர்களை அடுத்தடுத்த சுற்றுகளில் மோதவிடும் ‘சுவிஸ் முறை’ பின்பற்றப்படுவதால், முதல் ஆட்டத்தில் தோற்றவரும் ஞாயிறு மாலை வரை ஆடுகிறார். வெற்றிகள் சமமானால், எத்தனை புள்ளி வித்தியாசத்தில் வென்றார் அல்லது தோற்றார் என்பதன் கூட்டுத்தொகையான ‘ஸ்பிரெட்’ இடத்தைத் தீர்மானிக்கும்.

எதிராளி வைத்த சொல் அகராதியில் இல்லை என்று ஒருவர் கருதினால், ‘சாலஞ்ச்’ என்று கூறிக் கடிகாரத்தை நிறுத்தி நடுவரின் தீர்ப்பைக் கேட்கலாம். சொல் இல்லையென்றால் வைத்தவர் வில்லைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு முறையை இழக்கிறார். பன்னாட்டுப் போட்டிகளில் அதிகாரமுடையது காலின்ஸ் சொற்பட்டியல். அதன் 2019ஆம் ஆண்டுப் பதிப்பில் 2,79,000க்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன. சொல்லின் பொருளை எவரும் கேட்பதில்லை. பட்டியலில் இருந்தால் போதும். நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ், பிரெஞ்சு மொழி பேசத் தெரியாத நிலையிலேயே, சொற்பட்டியலை மனத்தில் பதித்துக்கொண்டு 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றது இதனால்தான் இயன்றது.

இந்தக் களத்தில் நம்மவர்களுக்கும் இடமுண்டு. 2007இல் மும்பையில் நடைபெற்ற உலகப் போட்டியின் இறுதிச் சுற்றில் ரிச்சர்ட்ஸை எதிர்கொண்டவர் மலேசியாவின் கணேஷ் ஆசீர்வாதம். 2014இல் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளராக இருந்த மோகன் வர்கீஸ் சுங்கத், இந்தியாவின் சார்பில் உலக ஸ்கிராபிள் போட்டிகளில் ஆடியவர். ஆனால் இவர்கள் ஆடியது ஆங்கிலச் சொற்களைக் கொண்டு.

பொருள் சொல்லத் தவறியவர்

தமிழ் மரபில் சொற்போட்டியின் உச்சமாகச் சொல்லப்படுவது அருணகிரிநாதருக்கும் வில்லிபுத்தூராருக்கும் நடந்த வாது. வாதில் தோற்ற புலவர்களின் காதை அறுத்துவிடுவதை வழக்கமாகக் கொண்டிருந்த வில்லிபுத்தூராரை எதிர்கொண்ட அருணகிரிநாதர், ‘கந்தரந்தாதி’யைப் பாடப் பாட, மற்றவர் உடனுக்குடன் உரை சொல்லிக்கொண்டே வந்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஒரு பாடலின் முடிவே அடுத்த பாடலின் தொடக்கமாக அமைவது அந்தாதி. ஒரே எழுத்துத் தொடர் அடிதோறும் வந்து வெவ்வேறு பொருள் தருவது யமகம். இரண்டையும் ஒருங்கே ஏற்ற இந்த நூலின் 54ஆம் பாடல், தகர வருக்க எழுத்துகளால் மட்டுமே ஆனது. முழுப் பாடலும் த, தா, தி, தீ என்ற வரிசைக்குள்ளேயே நடப்பதால், சொற்களை எங்கே பிரிப்பது என்பதே புதிராகிவிடுகிறது. அந்த இடத்தில் வில்லிபுத்தூரார் உரை சொல்ல முடியாமல் நின்றார்.

இந்தப் பாடல்களின் யாப்பு கட்டளைக் கலித்துறை. புள்ளி பெற்ற மெய்யெழுத்துகளை நீக்கி எண்ணும்போது, நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்துகளும் நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 எழுத்துகளும் இருக்கவேண்டும் என்பது அதன் இலக்கணம். ஓர் எழுத்து கூடினாலும் குறைந்தாலும் பாட்டு பிழைபட்டதாகும். எழுத்தை எண்ணி ஆடுவது தமிழுக்குப் புதிதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வென்ற அருணகிரிநாதர் எதிராளியின் காதை அறுக்கவில்லை. இனி எவர் காதையும் அறுக்கலாகாது என்று கூறி அந்தக் கொடிய வழக்கத்துக்கே முற்றுப்புள்ளி வைத்தார். ‘கருணைக்கு அருணகிரி’ என்ற தொடர் இந்நிகழ்ச்சியோடு சேர்த்தே வழங்குகிறது. போட்டியின் கடுமை விதிகளில் இருக்கலாம், தோற்றவர் மேல் விழக்கூடாது என்னும் பண்பாட்டை அருணையின் புலவர் அப்போதே நிறுவிவிட்டார். தோற்றவரையும் கடைசிச் சுற்று வரை ஆடவைக்கும் இன்றைய பந்தய முறை அந்தப் பண்பாட்டுக்கு மிக நெருக்கமானது.

உதடு ஒட்டாத முப்பது பாடல்கள்

கிரிவலம் வந்துகொண்டே அண்ணாமலையார் மீது நூறு பாடல்கள் கொண்ட ‘சோணசைல மாலை’யைப் பாடியவராகப் போற்றப்படும் சிவப்பிரகாச சுவாமிகள், பின்னர் நெல்லைச் சீமைக்குச் சென்று, சிந்துபூந்துறையில் இருந்த வெள்ளியம்பலத் தம்பிரானிடம் இலக்கணம் பயின்றார். தம்மைப் பழித்துவந்த திருச்செந்தூர்ப் புலவர் ஒருவரை வென்று வருவதே குருகாணிக்கை என்று தம்பிரான் கேட்டுக்கொள்ள, அங்கு சென்ற சிவப்பிரகாசருக்கும் அப்புலவருக்கும் இடையே நிரோட்டக யமக அந்தாதி பாடுவது என்று போட்டி மூண்டது. தோற்றவர் வென்றவருக்கு அடிமையாகவேண்டும் என்பது ஒப்பந்தம். எதிராளி முடிப்பதற்கு முன்பே சிவப்பிரகாசர் முப்பது பாடல்களையும் முடித்துவிட்டார். அந்நூல் ‘திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி’ என்ற பெயரில் இன்றும் உள்ளது. ஒரே விதி, ஒரே நேரம், இருவர், முந்தி முடிப்பவருக்கு வெற்றி என்ற வகையில், கடிகாரம் வைத்து ஆடும் இன்றைய பந்தயத்துக்கு மிகவும் நெருங்கியது இந்தப் போட்டிதான்.

நிரோட்டம் என்பது உதடுகள் குவியாமலும் ஒட்டாமலும் பாடுவது. உதடு குவிவதால் பிறக்கும் உ, ஊ, ஒ, ஓ, ஔ ஆகிய ஐந்து உயிர்களும், உதடு பொருந்துவதால் பிறக்கும் ப, ம, வ ஆகிய மூன்று மெய்களும் விலக்கப்படும்; விலக்கப்பட்ட உயிர்கள் ஏறிய உயிர்மெய்களும் அவற்றோடு போய்விடும். இதன் கடுமையைத் திருவண்ணாமலையின் பெயர்களைக் கொண்டே சோதித்துப் பார்க்கலாம். ‘அண்ணாமலை’யில் மகரம் உண்டு, ‘அருணாசலம்’, ‘அருணை’ ஆகியவற்றில் ‘ரு’ என்ற எழுத்தில் உகரம் ஏறியிருக்கிறது, ‘சோணசைலம்’ ஓகாரத்தோடு தொடங்கி மகர ஒற்றில் முடிகிறது. நிரோட்டம் பாடும் புலவர் இவற்றில் எதையும் தொடமுடியாது. முருகன், வேலன், குமரன் ஆகிய பெயர்களும் அவ்வாறே தடைபடும். கந்தன், செந்தில், சேய் ஆகியவை உதடு ஒட்டாமலே ஒலிக்கும். திருச்செந்தூரில் நடந்த போட்டிக்குச் ‘செந்தில்’ என்ற ஊர்ப்பெயரே கைகொடுக்கும் வகையில் அமைந்திருந்தது. எந்த எழுத்தை இழந்தால் எந்தச் சொல் எஞ்சும் என்ற இந்தக் கணக்கைத்தான், கையில் கிடைத்த ஏழு வில்லைகளைப் பார்த்துக்கொண்டு இன்றைய ஆட்டக்காரரும் போடுகிறார்.

ஈற்றடியும் எழுத்து வரிசையும்

கணபதி முனி தெலுங்கு நாட்டில் 1878இல் பிறந்தவர். வங்காளத்தின் நவத்வீபத்தில் 1900இல் கூடிய பண்டிதர் சபையில், கொடுக்கப்பட்ட ஈற்றடிக்கு ஏற்ப மற்ற அடிகளை அப்போதைக்கப்போதே வடமொழியில் பாடி முடிக்கும் ‘சமஸ்யை’ என்னும் சோதனையில் வென்று ‘காவிய கண்டர்’ என்ற பட்டம் பெற்றார். விரூபாட்ச குகையில் தங்கியிருந்த இளம் துறவியை 1907 நவம்பர் 18ஆம் நாள் சந்தித்து, அவரை ‘ரமண மகரிஷி’ என்று முதன்முதலாக அழைத்தவர் இவரே. தமிழ்நாட்டிலும் ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொல்வது புலவர் அவைகளில் வழங்கிவந்த சோதனையாகும்.

ரமணரின் படைப்புகளிலும் எழுத்து விதிகளின் மேல் உள்ள பிடிமானம் தெரிகிறது. அடியவர்கள் ஊருக்குள் பிச்சைக்குச் செல்லும்போது பாடுவதற்காக அவர் இயற்றிய ‘அருணாசல அட்சரமணமாலை’யின் 108 கண்ணிகளும் நெடுங்கணக்கின் வரிசையைத் தழுவித் தொடங்குகின்றன. 1947இல் ‘ஏகான்ம பஞ்சக’த்தை முதலில் தெலுங்கில் இயற்றியபோது, தமிழுக்கே உரிய வெண்பா யாப்பை அதற்கு அமைத்தார். போட்டியும் பரிசும் இல்லாத இடத்திலும் விதிக்குக் கட்டுப்பட்டுச் சொல்லை அமைப்பது மனத்தை ஒருமுகப்படுத்தும் பயிற்சியாக இருந்தது என்பதற்கு இவை சான்று.

தமிழுக்கு ஒரு பலகை

தமிழில் ஸ்கிராபிள் போன்ற ஆட்டத்தை அமைக்க முற்படும் எவருக்கும் முதலில் எதிர்ப்படும் கேள்வி, ஒரு வில்லையில் எதைப் பொறிப்பது என்பதாகும். வார இதழ்களின் குறுக்கெழுத்துப் புதிர்களில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து; உயிர்மெய்யும் அங்கே ஓர் எழுத்தே. அந்த முறையில் ‘அண்ணாமலை’ 5 கட்டங்களில் அடங்கும். ஆனால் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி வில்லை செய்தால் பை கொள்ளாது. ஏழு வில்லைகளை எடுத்து ஒரு சொல் அமைப்பதும் அரிதாகிவிடும். உயிரையும் மெய்யையும் தனித்தனியே பொறித்தால் 12 உயிர், 18 மெய் என 30 வகை போதும். ஆய்தத்துக்கு ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். அப்போது அதே சொல் அ, ண், ண், ஆ, ம், அ, ல், ஐ என 8 வில்லைகளாகும். முதலெழுத்துகள் முப்பது என்று தொல்காப்பியம் வகுத்த அடிப்படையே இதற்கும் அடிப்படை. பலகையில் மெய்யையும் உயிரையும் கூட்டிப் படிக்கச் சிறிது பழக்கம் வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கமே புணர்ச்சி இலக்கணத்தின் முதல் பாடமாக அமையும்.

அடுத்த கேள்வி விகுதிகளைப் பற்றியது. மலை என்ற சொல் மலையை, மலைக்கு, மலையின், மலையில் என்று நீண்டுகொண்டே போகும். வினைச்சொற்களின் வடிவங்களுக்கோ எல்லையில்லை. ஆங்கிலத்தில் ஒரு ‘எஸ்’ எழுத்தையே கட்டுப்படுத்தவேண்டியிருந்தது என்றால், தமிழில் அகராதித் தலைச்சொற்களை மட்டும் ஏற்பதே முறையாகும். எந்த அகராதி என்பதும் ஆட்டத்தின் இயல்பை மாற்றும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியை ஏற்றால் சங்கச் சொற்களும் நிகண்டுச் சொற்களும் பலகைக்கு வரும். 1992இல் முதற்பதிப்பு கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியை ஏற்றால் இன்றைய வழக்குச் சொற்களே ஆட்சி செய்யும். மாணவர் பிரிவுக்கு ஒன்றும் தேர்ந்தோர் பிரிவுக்கு மற்றொன்றும் என்று வகுப்பது இரண்டையும் வாழவைக்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது பொருள் பற்றிய விதி. பொருள் தெரியாமலே உலகப் பட்டம் வெல்ல இடம் தருவது இன்றைய ஸ்கிராபிள்; பொருள் சொல்ல முடியாத இடத்தில் தோல்வி என்று தீர்ப்பது நம் மரபு. முன்னதிடமிருந்து கடிகாரத்தையும் நடுநிலையையும் சமவாய்ப்பையும் பெற்றுக்கொண்டு, பின்னதிலிருந்து பொருளறிவைச் சேர்த்துக்கொள்ளலாம். எதிராளி கேட்டால், வைத்த சொல்லுக்குப் பொருள் கூறவேண்டும். கூறினால் கூடுதல் புள்ளி, கூறாவிட்டால் அந்தச் சொல்லின் புள்ளியில் பாதி மட்டும் என்று ஒரு விதி இருந்தால், மனப்பாடம் செய்தவரைவிட மொழியை வாழ்ந்தவருக்கு முன்னுரிமை கிடைக்கும்.

இத்தகைய பந்தயத்துக்குப் பெரும் செலவில்லை. மேசைகளும் பலகைகளும் கடிகாரங்களும் அகராதிகளும், விதி தெரிந்த சில நடுவர்களும் போதும். வார இறுதியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் மக்கள் வந்துசேரும் திருவண்ணாமலையில், ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள பகுதியில், ஒரு பள்ளிக் கூடத்திலோ மண்டபத்திலோ இதைத் தொடங்குவதற்கு வரலாற்று நியாயம் முழுமையாக உண்டு. எழுத்தெண்ணிப் பாடியவர்களும், உதடு ஒட்டாமல் பாடி வென்றவரும், வென்ற பின்னும் எதிராளியை அணைத்துக்கொண்டவரும் உலவிய ஊருக்கு அந்தப் பந்தயத்தை நடத்தும் தகுதி இருக்கிறது. தமிழ் அமைப்புகளும் கல்லூரித் தமிழ்த் துறைகளும் முன்வந்து விதிகளை அச்சிட்டு, முதல் பந்தயத்துக்கு நாள் குறிக்கவேண்டியதே எஞ்சியுள்ள பணி.