கல்லும் களமும் – 9: தளவாயும் சேப்பாக்கமும்

ஒரு விளையாட்டுக் கிளப்பை நெடுங்காலம் நடத்திய உரிமையாளர் விலகும்போது அந்த மாற்றத்தை எந்த ஊர் உணரும் என்பது, கிளப்புக்கான பணம் எந்த ஊரில் விளைந்தது என்பதைப் பொறுத்ததன்று. ஆட்டம் எந்த ஊரில் நடக்கிறது என்பதைப் பொறுத்ததே. 2024 டிசம்பர் இறுதி வாரத்தில், இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் பொறுப்பிலிருந்து என். சீனிவாசன் 35 ஆண்டுகளுக்குப் பின் விலகியபோது, செய்தித்தாள்களில் பெரும்பாலும் இடம்பெற்ற பெயர் சென்னை சூப்பர் கிங்ஸ் என்பதாகவும், கவலையுடன் எழுப்பப்பட்ட கேள்வி சேப்பாக்கத்து அணி என்னவாகும் என்பதாகவும் இருந்தன. அந்த நிறுவனத்துக்குச் சுண்ணாம்புக்கல் கொடுக்கும் ஊர்களுள் ஒன்றான அரியலூர் மாவட்டத்துத் தளவாயைப் பற்றி அப்படியொரு கேள்வி எழவில்லை.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள, கிளப்பும் ஊரும் ஒன்றாகவே வளர்ந்த வேறொரு மரபைப் பார்ப்பது உதவும். ரக்பி லீக் எனப்படுவது, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடி எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்துப் புள்ளி ஈட்டும் ரக்பி ஆட்டத்தின் ஒரு கிளை. அணிக்கு 13 பேர் ஆடும் அந்தக் கிளை, விளையாட்டு விதிகளைப் பற்றிய கருத்து வேறுபாட்டால் அன்றி, கூலியைப் பற்றிய சண்டையால் பிறந்தது. வட இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களிலும் நூற்பாலைகளிலும் வேலை பார்த்த ஆட்டக்காரர்கள், சனிக்கிழமை ஆட்டத்துக்காக வேலைக்குப் போகாத நேரத்துக்கு இழப்பீடு கேட்டார்கள். ஊதியமின்றி ஆடுவதே கண்ணியம் என்று கருதிய தலைமைச் சங்கம் மறுத்தது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஓட்டலில் கூடிய வடபுலத்துக் கிளப்புகள் தனிச் சங்கம் கண்டன. சுரங்கத்தில் இறங்கியவரே மைதானத்திலும் இறங்கிய அந்த ஊர்களில், கிளப் என்பது ஊரின் சொத்தாகவும் அதன் உரிமையாளர் ஊர்க்காரராகவுமே பெரும்பாலும் இருந்துவந்தனர். விகன் நகரின் கிளப்பை 2007 முதல் நடத்திவந்த இயான் லெனகன் 2023 இறுதியில் விலகியபோதுகூட, அது அதே ஊரில் பிறந்த மைக் டான்சன் என்ற தொழிலதிபரின் கைக்கே சென்றது.

அரியலூரில் இந்தக் கணக்கு வேறு மாதிரியானது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் நிலம் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியஸ் என்று நிலவியலாளர் அழைக்கும் காலத்தில், கடலுக்கடியில் இருந்தது. அந்தக் கடலில் வாழ்ந்து மடிந்த சிப்பி, நத்தை, அம்மோனைட் முதலியவற்றின் ஓடுகள் அடுக்கடுக்காய்ப் படிந்து இறுகியதே இன்றைய சுண்ணாம்புக்கல். பெரம்பலூர் மாவட்டத்தின் சாத்தனூரில் கிடக்கும் கல்மரம், கரையோரத்து மரமொன்று அந்தக் கடற்படிவில் புதைந்து கல்லானதன் சான்று. அதை 1940இல் வெளியுலகுக்கு அறிவித்தவர் நிலவியலாளர் எம். எஸ். கிருஷ்ணன். கல்மரம் பெரம்பலூருக்கும் கல் அரியலூருக்கும் என்று இயற்கையே பாகம் பிரித்ததுபோல, 2007இல் மாவட்டம் இரண்டாகப் பிரிந்தபோது சிமெண்ட் ஆலைகள் ஏறக்குறைய எல்லாமே அரியலூர்ப் பக்கம் நின்றுவிட்டன. அரியலூரின் அரசு ஆலை, ரெட்டிபாளையத்தின் அல்ட்ராடெக், கோவிந்தபுரத்திலும் ஆலத்தியூரிலும் ராம்கோ, கீழப்பழுவூரில் செட்டிநாடு, அரியலூரை ஒட்டி டால்மியா, தளவாயில் இந்தியா சிமெண்ட்ஸ் என இத்தனை சூளைகள் ஒரே மாவட்டத்தில் எரிவதற்குக் காரணம் சிமெண்ட்டின் இயல்பிலேயே இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் அரைத்துச் சுழலும் உருளைச் சூளையில் 1,450 பாகை செல்சியஸ் அளவுக்குச் சுட்டால் கிடைக்கும் கருஞ்சாம்பல் நிறக் கட்டிகளே கிளிங்கர். அதனுடன் சிறிதளவு ஜிப்சம் சேர்த்துப் பொடித்தால் சிமெண்ட். ஒரு டன் கிளிங்கருக்கு ஏறத்தாழ ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் செலவாகிறது என்பதால், கல்லைச் சுமந்துகொண்டு ஆலையைத் தேடிப் போவதைவிட ஆலையைக் கல்லின் அருகே கொண்டுவருவதே இலாபம்.

இந்தியா சிமெண்ட்ஸின் தொடக்கம் அரியலூரில் அன்று, நெல்லைச் சீமையில். எஸ். என். என். சங்கரலிங்க ஐயரும் டி. எஸ். நாராயணசுவாமியும் 1946இல் நிறுவிய அந்த நிறுவனத்தின் முதல் ஆலை 1949இல் திருநெல்வேலியை அடுத்த தாழையூத்தில் இயங்கத் தொடங்கியது. அடுத்தது சேலம் மாவட்டச் சங்ககிரியில் எழுந்தது. நாராயணசுவாமியின் மகன் சீனிவாசன் 1989இல் நிர்வாக இயக்குநரானபின், 1990களில், நிறுவனம் இரண்டு வழிகளில் விரிந்தது: ஆந்திரத்து ஆலைகளை விலைக்கு வாங்குவது ஒன்று, தளவாயில் செய்ததுபோல வெற்று நிலத்தில் புது ஆலை கட்டுவது மற்றொன்று. கிரிக்கெட் இந்த விரிவின் பக்கக்கிளையாக வளர்ந்தது. சென்னை லீக் ஆட்டங்களில் நிறுவனங்களே அணிகளை நடத்தி, ஆட்டக்காரர்களுக்கு மாதச் சம்பளத்துடன் வேலையும் கொடுப்பது நெடுநாள் வழக்கம். ராகுல் திராவிட்டும் மகேந்திர சிங் தோனியும் இந்தியா சிமெண்ட்ஸின் துணைத் தலைவர்கள் என்ற பதவிப்பெயர் பெற்றது அந்த வழக்கத்தின் நீட்சியே. வேலை நேரத்துக்கு இழப்பீடு கேட்டு ஒரு விளையாட்டையே பிளந்த வட இங்கிலாந்துத் தொழிலாளிக்கு இந்த ஏற்பாடு வேடிக்கையாகத் தோன்றியிருக்கக்கூடும்.

2008 ஜனவரியில் இந்தியக் கிரிக்கெட் வாரியம் ஐபிஎல் அணிகளை ஏலம் விட்டது. அங்கே விற்கப்பட்டது ஏற்கெனவே இருந்த கிளப் அன்று. ஒரு நகரத்தின் பெயரில் அணி அமைத்துப் போட்டியில் கலந்துகொள்ளும் உரிமம் மட்டுமே, அதையே பிராஞ்சைஸ் என்பர். சென்னைக்கான உரிமத்தை 10 ஆண்டுத் தவணையில் 9.1 கோடி டாலருக்கு இந்தியா சிமெண்ட்ஸ் பெற்றது. அப்போது சீனிவாசன் வாரியத்தின் பொருளாளராக இருந்தார். வாரியம் நடத்தும் போட்டிகளில் அதன் நிர்வாகிகள் வணிக நலன் கொள்ளக்கூடாது என்ற விதி 6.2.4, ஐபிஎல்லுக்குப் பொருந்தாது என்று அதே ஆண்டு செப்டம்பரில் திருத்தப்பட்டது. திருத்தத்தை எதிர்த்து வழக்காடியவர், வாரியத்தின் முன்னாள் தலைவரும் மற்றொரு சென்னைத் தொழிலதிபருமான ஏ. சி. முத்தையா. 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் மாறுபட்டுத் தீர்ப்பளித்ததால் கேள்வி தீராமல் நின்றது. அதே ஆண்டில் சீனிவாசன் வாரியத் தலைவரானார். அணி அதற்குள் 2010, 2011 ஆகிய இரு கோப்பைகளை வென்றிருந்தது.

2013இல் பந்தயச் சூதாட்ட விவகாரம் வெடித்து, சீனிவாசனின் மருமகன் குருநாத் மெய்யப்பன் கைதானபின் நடந்தவை நாடறிந்தவை. இங்கே தேவையானது அவற்றின் சட்ட முடிவு மட்டுமே. 2015 ஜனவரி 22 அன்று உச்ச நீதிமன்றம், மெய்யப்பன் அணியின் அலுவலர் என்பதையும் அவர் பந்தயம் கட்டியதையும் உறுதிசெய்து, சீனிவாசன் அதை மூடிமறைத்தார் என்ற குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை என்று கூறி, ஆனால் விதித் திருத்தத்தைச் செல்லாததாக்கி, அணியில் வணிக நலன் உடையவர் வாரியத் தேர்தலில் நிற்க முடியாது என்று தீர்த்தது. ஜூலையில் அந்த நீதிமன்றம் அமைத்த லோதா குழு அணியை இரண்டு ஆண்டுகள் விலக்கிவைத்தது.

நலமுரண் என்ற இந்தச் சிக்கலிலிருந்து விடுபடுவதற்காகவே, கிளப்பை இந்தியா சிமெண்ட்ஸிலிருந்து பிரித்துச் சென்னை சூப்பர் கிங்ஸ் கிரிக்கெட் லிமிடெட் என்ற தனி நிறுவனமாக்கி, பின்னர் அதன் பங்குகளைச் சிமெண்ட் நிறுவனத்தின் பங்குதாரர்களுக்கே பிரித்தளிக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. கைமாற்றத்துக்குக் காட்டப்பட்ட 5 லட்சம் ரூபாய் மதிப்பை வாரியமே கேள்வி கேட்டது. சென்னையில் ஒரு கார் வாங்கும் விலைக்கு ஒரு கிளப்பா என்ற வியப்பு நியாயமானதே. எனினும் அந்தப் பிரிவினையின் முழுப் பொருள் ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகே விளங்கியது. 2018இல் அணி திரும்பி வந்து கோப்பை வென்றது, 2021இலும் 2023இலும் மீண்டும் வென்றது. பட்டியலிடப்படாத பங்குகளின் சந்தையில் கிளப்பின் மதிப்பு 2022 தொடக்கத்தில் 7,000 கோடி ரூபாயைத் தாண்டி, அதைப் பெற்றெடுத்த சிமெண்ட் நிறுவனத்தின் மதிப்பையே விஞ்சியது. சூளை எரிய நிலக்கரி வேண்டும், கட்டிய ஆலைக்குக் கடன் கட்ட வேண்டும், விற்ற மூட்டைக்கு லாரி வாடகை கொடுக்க வேண்டும். கிளப்புக்கோ, ஒளிபரப்பு உரிமைத் தொகையில் பங்கு ஆண்டுதோறும் வாரியத்திடமிருந்து வந்து சேர்கிறது.

சிமெண்ட் தொழிலில் இதற்குள் பெரிய மீன்களின் காலம் வந்துவிட்டது. 2022இல் அம்புஜா, ஏசிசி ஆகியவற்றை அதானி குழுமம் வாங்கியபின், முதலிடத்தைக் காக்க விரும்பிய ஆதித்ய பிர்லா குழுமத்தின் அல்ட்ராடெக் தெற்கே கண்வைத்தது. எரிபொருள் விலையாலும் நட்டத்தாலும் தளர்ந்திருந்த இந்தியா சிமெண்ட்ஸில் 2024 ஜூனில் ஏறத்தாழ 23 விழுக்காடு பங்கை வாங்கியது. ஜூலை 28 அன்று, புரமோட்டர்கள், அதாவது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் குடும்பத்தினரும் அவர்களைச் சார்ந்தோரும், வைத்திருந்த 32.72 விழுக்காட்டையும் பங்குக்கு 390 ரூபாய் வீதம் 3,954 கோடி ரூபாய்க்கு வாங்குவதாக அறிவித்தது. வணிகப் போட்டி ஆணையத்தின் ஒப்புதல் டிசம்பரில் கிடைத்தது. சீனிவாசனுடன் மனைவி சித்ராவும் மகள் ரூபா குருநாத்தும் இயக்குநர் குழுவிலிருந்து விலகினர். கைமாறியவற்றுள் தாழையூத்து இருந்தது, சங்ககிரி இருந்தது, தளவாய் இருந்தது, கிளப் இல்லை. நலமுரணிலிருந்து தப்பச் செய்த பிரிவினை, விற்பனையிலிருந்தும் கிளப்பைத் தப்பவைத்தது. ஆகவே இது உரிமையாளர் கிளப்பை விட்டு விலகிய கதையன்று. கிளப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அதை வாங்கக் காரணமான தொழிலை விட்டு விலகிய கதை. சிமெண்ட்டைப் பிரிந்தபின் வந்த முதல் பருவத்தில், 2025இல், அணி வரலாற்றிலேயே முதன்முறையாகக் கடைசி இடம் பெற்றது தற்செயலன்றி வேறில்லை.

தளவாய்க்கு இந்த மாற்றத்தால் நேர்ந்தது ஒன்றுதான்: ரெட்டிபாளையத்துச் சூளையும் தளவாய்ச் சூளையும் இப்போது ஒரே முதலாளியின் கீழ் வந்துள்ளன. விகன் நகரத்தான் தன் கிளப்பின் புது உரிமையாளரை மைதானத்துப் படிக்கட்டில் நின்று வாழ்த்தவோ ஏசவோ முடியும். 2016இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் எட்டு அணிகளுள்கூடப் பெரம்பலூர், அரியலூர் பெயரில் ஒன்றுமில்லை, அண்டையில் இருப்பது திருச்சி அணியே. எனவே கல் கொடுக்கும் ஊர் தன் பங்கைக் கேட்க இங்கே மைதானம் வழியன்று, வரிதான் வழி. அந்த வழியின் வரலாற்றிலும் இதே நிறுவனத்தின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் இந்தப் பொருளில் மிகக் குறைவாகப் பேசப்பட்ட செய்தி.

1958ஆம் ஆண்டின் சென்னை ஊராட்சிகள் சட்டத்தின் 115ஆம் பிரிவு, நிலவரியில் ரூபாய்க்கு 45 காசு வீதம் உள்ளூர் தீர்வை விதிக்க இடமளித்தது. கனிமம் எடுப்பவர் நில உரிமையுள்ள அரசுக்குச் செலுத்தும் உரிமைத்தொகையான ராயல்டியையும் நிலவரியாகக் கணக்கிட்டுத் தீர்வை கேட்டபோது, இந்தியா சிமெண்ட்ஸ் வழக்குத் தொடுத்தது. 1989 அக்டோபர் 25 அன்று உச்ச நீதிமன்றத்தின் எழுவர் அமர்வு, ராயல்டியே ஒரு வரி, அதன்மேல் தீர்வை விதிக்க மாநிலத்துக்கு அதிகாரமில்லை என்று தீர்த்தது. சீனிவாசன் நிர்வாக இயக்குநரான அதே ஆண்டில் வந்த அந்தத் தீர்ப்பு, 35 ஆண்டுகள் நாடெங்கும் கனிம மாநிலங்களின் கையைக் கட்டியது. 2024 ஜூலை 25 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு, எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், ராயல்டி வரியாகாது என்று சொல்லி அதை நீக்கியது. விற்பனை அறிவிப்பு வெளிவந்தது மூன்றாம் நாள். இரண்டையும் காரண காரியமாக முடிச்சுப் போடுவது தவறு, பேரம் அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. ஆயினும் ஒரு நிர்வாகக் காலத்தின் தொடக்கமும் முடிவும் ஒரு தீர்ப்பின் பிறப்போடும் இறப்போடும் இவ்வளவு நெருக்கமாகப் பொருந்துவது அரிது.

தீர்ப்பு திறந்த கதவின் வழியே தமிழ்நாடு அரசு கனிமவள நிலங்களுக்கான வரிச் சட்டத்தை இயற்றி, 2025 ஏப்ரல் முதல் சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய் என்று வரி விதித்தது. கிளிங்கருக்கு ஆகும் ஒன்றரை டன் கணக்கின்படி, சாம்பல் கலக்காத சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட்டின் 50 கிலோ மூட்டை ஒன்றில் அந்த வரி 11 ரூபாயை ஒட்டி நிற்கிறது. 2015 முதல் இயங்கும் மாவட்டக் கனிம அறக்கட்டளை, பழைய குத்தகைகளிலிருந்து ராயல்டியில் 30 விழுக்காட்டுக்கு இணையான தொகையைத் தனியே பெற்று, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களின் குடிநீர், மருத்துவம், கல்வி போன்றவற்றுக்குச் செலவிட வேண்டும். ஆனால் 1989இல் செல்லாமற்போன தீர்வை ஊராட்சி அமைப்புகளுக்கென்று ஏற்பட்டது. 2025இன் வரியை விதிப்பதும் வசூலிப்பதும் மாநில அரசு.

பெரம்பலூர்ப் பக்கம் நாரணமங்கலத்தில் நிற்பது வேறொரு தொழில், எம்ஆர்எஃப் டயர் ஆலை. அந்த நிறுவனம் 1987இல் சென்னையில் டென்னிஸ் லில்லியைக் கொண்டு வேகப்பந்து வீச்சாளர் பயிற்சி மையம் தொடங்கிய வரலாறு அடுத்த இதழில்.