நாலு காலும் ஒரே சைஸா இருக்கணும், மாப்ளே!

என் மைத்துனருக்குக் கிள்ளை பக்கம் இறால் பண்ணை. மழை வந்தால் பண்ணைப் பாதை அல்வா பதத்துக்கு வந்துவிடும். அதனால் பழைய மஹிந்திரா ஃபோர் வீல் டிரைவ் ஜீப் ஒன்றை செகண்ட் ஹாண்டில் வாங்கினார். வாங்கியது வண்டி, கூடவே வந்தது வம்பு!

போன ஐப்பசியில் கடலூரில் ஒரு கல்யாணம். குழந்தை குட்டிகளோடு சிதம்பரம் திரும்பும்போது, புதுச்சத்திரம் தாண்டி 'டமார்!' பின் டயர் வெடித்து, வண்டி ஒரு ஆட்டம் ஆடி, ரோட்டோரப் பள்ளத்துக்கு இரண்டடி முன்னால் நின்றது. யாருக்கும் கீறல்கூட இல்லை. என் மனைவி மட்டும் பத்து நிமிஷம் பேசவில்லை. (அது தனி ரெக்கார்டு!)

"பட்டன் தேயவே இல்லையே மாமா!" என்று புலம்பினார் மைத்துனர்.

மறுநாள் கடலூர் டயர் கடையில் பாய் அந்த டயரைப் புரட்டி, பக்கச் சுவரில் இருந்த நாலு எண்களைக் காட்டினார்: 1412.

"டயருக்கும் ஜாதகம் உண்டு சார். 2012-ம் வருஷம், 14-வது வாரம் பிறந்தது. பட்டன் இருந்து என்ன, ரப்பர் காய்ஞ்சு வெடிப்பு விட்டிருக்கு பாருங்க."

பத்து வருஷத்துக்கு மேலான டயர், பார்க்கப் புதுசாக இருந்தாலும் வேண்டாம் என்பதுதான் பல டயர் கம்பெனிகளின் யோசனையும்.

மைத்துனர் உடனே, "பின்னால ரெண்டுக்கு மட்டும் 31 இஞ்ச்ல பெருசா போடுங்க பாய், சும்மா கெத்தா இருக்கும்" என்றார். நாலுக்கு பதில் ரெண்டு, செலவு பாதி! நானும் பலமாகத் தலையாட்டினேன்.

பாய் சிரித்தார். "தம்பி, ஃபோர் வீல் போட்டா முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே கியர்ல பூட்டின மாதிரி. ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசுன்னா, ஒரு மாடு ஓட, ஒரு மாடு நடக்கிற வண்டிதான். நடுவுல இருக்கிற கியர் பெட்டி கதறும். நாலும் ஒரே அளவு, ஒரே ரகம். ஸ்டெப்னியும் அதே!"

அப்புறம் அளவு. பழைய ஜீப்பின் 6.00-16 டயர் சுமார் 29 இஞ்ச் உயரம். 15 இஞ்ச் ரிம்முக்கு மாறினால் 235/75 ஆர் 15 போடலாம். 235 மில்லிமீட்டர் அகலம். அதில் 75 சதவீதம் பக்கச் சுவர். இருபக்கச் சுவரையும் ரிம்மையும் கூட்டினால் 28.9 இஞ்ச். கிட்டத்தட்ட அதே உயரம்! 31 இஞ்ச் போட்டால் மீட்டர் 60 காட்டும்போது வண்டி 64-ல் பறக்கும். திருப்பும்போது பாடியில் உரசவும் வாய்ப்புண்டு.

ரிம்மில் ஐந்து போல்ட் துளைகள். அவற்றின் வட்டம் ஐந்தரை இஞ்ச் இருக்க வேண்டும். அழகுக்காக ரிம்மை வெளியே தள்ளி மாட்டினால் பேரிங்குக்குத்தான் தண்டனை. இரும்பு ரிம் வளைந்தால் தட்டி நிமிர்த்தலாம். கடற்காற்றில் துருப்பிடிக்காமல் பெயிண்ட் அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

"பெரிய பல்லு வச்ச சேத்து டயர்?" மைத்துனர் விடவில்லை.

"பண்ணைக்குள்ள ரெண்டு கிலோமீட்டர், தார் ரோட்ல நாப்பத்தஞ்சு. சேத்து டயர் தார்ல கத்தும். மழையில பிரேக் அடிச்சா வழுக்கும். ரெண்டுக்கும் பொதுவான ஆல் டெரைன் போதும் தம்பி."

ஐந்து டயர்களும் வாங்கினோம். ஒவ்வொன்றிலும் அந்த நாலு எண்களைப் படித்த பிறகுதான் பர்ஸைத் திறக்க விட்டேன்.

பி.காமில் 'தேய்மானம்' என்று மூன்று வருஷம் படித்தவன் நான். தேயாமலே தேய்மானம் ஆகும் சொத்து ஒன்று உண்டென்பதை, புதுச்சத்திரம் பள்ளத்தோரம்தான் கற்றுக்கொண்டேன்!