திரையா? திறையா?

கைபேசி பழுது பார்க்கும் கடை ஒன்று. வாசலில் புதுப் பலகை. அதில், "இங்கே உடைந்த திறை மாற்றித் தரப்படும்" என்று எழுதி இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

பள்ளிக்கூடம் விட்டு வரும் பையன் அதைப் படித்துவிட்டுச் சிரிப்பான். ஏன்?

"திரை" என்றால் படம் தெரிகிற திரை. "திறை" என்றால், சிற்றரசர்கள் பேரரசருக்குக் கட்டிய கப்பம்!

ஓர் எழுத்து மாறியது. கடைக்காரர் கப்பம் வாங்கும் ராஜா ஆகிவிட்டார்! பலகைக்குக் கொடுத்த பணமும் வீண்.

இறக்கமும் இரக்கமும்

இணையத்தில் உள்ள படத்தையோ, பாட்டையோ நம் கைபேசிக்கு இறக்கிக்கொள்வது "பதிவிறக்கம்". இதில் வருவது பெரிய "ற". சின்ன "ர" போட்டால் "இரக்கம்" ஆகிவிடும். அது, ஏழையைக் கண்டால் மனதில் சுரப்பது!

"வலைத்தளம்" என்பதில் வருவது மீன் பிடிக்கும் "வலை". "வளை" என்று எழுதினால் அது வளையல். அல்லது எலி வளை!

இவை எல்லாம் புதுச் சொற்கள். அம்மாவும் அப்பாவும் பள்ளிக்கூடத்தில் படிக்காதவை. ஆகவே சந்தேகம் வருவது இயற்கை. அதில் வெட்கம் இல்லை.

யாரைக் கேட்பது?

கேட்பதற்கு ஆள் தேட வேண்டாம். கைபேசியிலேயே பார்க்கலாம். காசும் வேண்டாம்.

"விக்சனரி" என்பது இணைய அகராதி. தமிழில் 2004-ல் தொடங்கியது. பொதுமக்களே சேர்ந்து எழுதுவது. ஆங்கிலச் சொல்லைக் கொடுத்தால், தமிழ்ச் சொல்லைக் காட்டும்.

தமிழ்நாடு அரசின் "சொற்குவை" தளத்திலும் கலைச்சொற்கள் கிடைக்கும்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக ஒரு பேரகராதி வெளியிட்டது. அதையும் இப்போது இணையத்தில் பார்க்கலாம். அதில் கைபேசி இருக்காது. ஆனால் திரை, திறை, வலை, வளை எல்லாவற்றுக்கும் பொருள் இருக்கும்.

முழுக் கடிதத்தையும் சரிபார்க்க "வாணி" என்ற பிழைதிருத்தி உண்டு. எழுதியதை அதில் போட்டால், தவறான சொல்லைச் சுட்டிக் காட்டும். சரியான சொல்லையும் சொல்லும்.

இயந்திரம் ஏமாறும்

ஆனால் ஒன்று. "திறை உடைந்தது" என்று எழுதினால், பிழைதிருத்தி பேசாமல் இருந்துவிடக்கூடும். ஏன் என்றால் "திறை"யும் நல்ல தமிழ்ச் சொல்தானே! உடைந்தது கண்ணாடியா, கப்பமா என்பது அதற்குத் தெரியாது.

ஆகவே பிழைதிருத்தியோடு நின்றுவிடக் கூடாது. அகராதியில் பொருளையும் பார்க்க வேண்டும்.

சில சொற்களை இரண்டு விதமாக எழுதுகிறார்கள். தமிழ்நாட்டில் "இணையதளம்" என்பது அதிகம். இலங்கையில் "இணையத்தளம்" என்பார்கள். ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு, கடைசிவரை அதையே எழுதுவது நல்லது.

பணத்தைத் தின்னும் எழுத்து

தமிழில் எழுத்து தவறினால் சிரிப்பு. பேங்கின் இணைய முகவரியில் எழுத்து தவறினால் அழுகை!

மோசடிக்காரர்கள் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, அசல் போலவே போலித் தளம் வைக்கிறார்கள். அங்கே கடவுச்சொல்லைக் கொடுத்தால் பணம் போய்விடும். ஆகவே முகவரியை எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்க்க வேண்டும். ஏமாந்துவிட்டால், உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

ஒரு நிமிடம் நின்று எழுத்தைப் பார்ப்பவருக்குப் பலகையும் வீணாகாது, பணமும் போகாது!