சோற்றைக் குறைத்த வீடு

ராமநாதபுரத்தில் பஸ் ஏறிக் கீழக்கரையைத் தாண்டினால், இடது பக்கத்திலிருந்து கடற்காற்று முகத்தில் அடிக்கும். இரு புறமும் பனை மரங்களும் உடை மரங்களும் ஓடி மறையும். சற்று நேரத்தில் ஏர்வாடி வந்துவிடும். திருநெல்வேலிச் சீமையிலும் ஓர் ஏர்வாடி உண்டு. நான் சொல்வது மன்னார் வளைகுடாவின் கரையில் இருக்கும் ஏர்வாடியை. சுல்தான் செய்யது இப்ராஹிம் ஷஹீது அவர்களின் தர்காவுக்கு, மத பேதமில்லாமல் எல்லோரும் மனக்குறையோடு வந்து ஆறுதலோடு திரும்பும் ஊர் அது.

நான் போனது வேறு காரியமாக. என்னோடு கல்லூரியில் படித்த தோழிக்கு அந்த ஊரில் ஒரு மூத்த சகோதரி இருக்கிறார். தோழி அவரை "ராத்தா" என்பாள். நானும் அப்படியே அழைத்துப் பழகிவிட்டேன். "எங்க ராத்தா வீட்டிலே சோற்றைக் குறைத்துவிட்டார்கள். போய்ப் பார்த்துவிட்டு வா, நீ எழுத விஷயம் கிடைக்கும்" என்று தோழி ஒரு நாள் சொன்னாள். நமது வீடுகளில் நகையைக் குறைப்பார்கள், துணியைக் குறைப்பார்கள். சோற்றைக் குறைக்கும் வீட்டை யார் கண்டார்கள்? பஸ் ஏறிவிட்டேன்.

இரண்டு அடுப்பு, இரண்டு சமையல்

"முதல்லே நான் செஞ்ச முட்டாள்தனத்தைக் கேளு, தங்கச்சி" என்று ஆரம்பித்தார் ராத்தா.

வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி வந்து சில வருஷங்கள் ஆகின்றன. "சோற்றைக் குறையுங்கள், எடையையும் குறையுங்கள்" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அன்று முதல் வீட்டில் இரண்டு சமையல். எல்லோருக்கும் சோறும் மீன் ஆணமும். அவருக்கு மட்டும் சப்பாத்தி. சோறு இல்லையே என்ற இரக்கத்தில் ராத்தா ஆறு சப்பாத்தி சுட்டு அடுக்குவார். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து, "சோறு திங்காத ஆம்பளை எப்படிப் பிழைப்பான்?" என்று கண்ணைக் கசக்குவார். மூன்று மாதம் கழித்துச் சோதித்தால் சர்க்கரையும் இறங்கவில்லை, எடையும் இறங்கவில்லை.

ஏன் இறங்கவில்லை? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிண்ணம் சோற்றில் ஏறத்தாழ 45 கிராம் மாவுச் சத்து இருக்கிறது. ஒரு சாதாரணச் சப்பாத்தியில் ஏறத்தாழ 20 கிராம் இருக்கும். ஆறு சப்பாத்தி என்றால் 120 கிராம். இரண்டரைக் கிண்ணம் சோற்றுக்கு மேலேயே ஆயிற்று! பெயர்தான் மாறியது, சரக்கு மாறவில்லை.

இந்தத் தவறு ராத்தா வீட்டில் மட்டும் நடப்பதல்ல. அரிசியை விட்டுக் கேழ்வரகுக்கும் குதிரைவாலிக்கும் மாறியவர்கள் நம்மில் எத்தனையோ பேர். சிறுதானியத்தில் நார்ச் சத்து உண்டு, நல்லதுதான். ஆனால் 100 கிராம் கேழ்வரகு மாவில் 70 கிராமைச் சுற்றி மாவுச் சத்துதான். அதைக் களியாகக் கிண்டி வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, "நான் அரிசியையே தொடுவதில்லை" என்று பெருமைப்பட்டால் உடம்பு ஏமாறுமா? கருப்பட்டியும் அப்படித்தான். நிறம் கறுப்பே தவிர, அதுவும் சர்க்கரையே.

லண்டனில் ஒரு கிழவர்

மாவைக் குறைத்து உடம்பை இளைக்க வைக்கும் யோசனை நேற்று முளைத்ததல்ல. லண்டனில் வில்லியம் பான்டிங் என்று ஒருவர் இருந்தார். பெரிய மனிதர்களின் ஈமச் சடங்குகளை நடத்திக் கொடுப்பது அவர் தொழில். ஐந்தடி ஐந்தங்குல உயரத்துக்கு 202 பவுண்டு எடை, அதாவது 92 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. குனிந்து செருப்பு வாரைக் கட்ட முடியாது. மாடிப்படியில் பின்புறமாகத்தான் இறங்குவார். காது சரியாகக் கேட்கவில்லை என்று ஹார்வி என்ற வைத்தியரிடம் போனார். அவரோ ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் முதலியவற்றை நிறுத்தி, மாமிசமும் மீனும் காய்கறியும் சாப்பிடச் சொன்னார். 1862-ம் வருஷம் ஆகஸ்டில் ஆரம்பித்தவர், ஒரு வருஷத்தில் 46 பவுண்டு இளைத்துவிட்டார். அந்தச் சந்தோஷத்தை அடக்க முடியாமல் 1863-ல் சிறு புத்தகமாகவே போட்டுவிட்டார். நம் தமிழ்நாட்டிலும் 'பேலியோ டயட்' என்ற பெயரில் நியாண்டர் செல்வன் எழுதிய புத்தகத்தைப் படித்துச் சோற்றை விட்டவர்கள் பலர் உண்டு.

இதெல்லாம் எப்படி வேலை செய்கிறது? நாம் உண்ணும் மாவு சர்க்கரையாக ரத்தத்தில் கலக்கிறது. உடனே செலவாகாததை ஈரலும் தசைகளும் தண்ணீரோடு சேர்த்துச் சேமிக்கின்றன. அதற்கும் மிஞ்சினால் கொழுப்பாகிறது. மாவைக் குறைத்தால் முதலில் அந்தச் சேமிப்பு கரையும். அதோடு இருந்த தண்ணீரும் போகும். முதல் வாரத்தில் எடை சரசரவென்று இறங்குவது பெரும்பாலும் தண்ணீரால்தான். மூன்றாவது வாரத்தில் அந்த வேகம் நின்றதும் பலர் மனம் ஒடிந்து விட்டுவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள், கொழுப்பு கரைவது மெதுவாகத்தான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 2018-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில் 609 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மாவைக் குறைத்தார்கள்; மறு பிரிவுக்குக் கொழுப்பைக் குறைத்தார்கள். இரு பிரிவினரும் காய்கறியைக் கூட்டி, சர்க்கரையையும் மைதாவையும் ஒதுக்கினார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், சராசரியாக முதல் பிரிவார் 6 கிலோவும் மறு பிரிவார் 5.3 கிலோவும் இளைத்திருந்தார்கள். பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. ஆகவே சோறு நமக்கு ஜன்ம விரோதியல்ல. எந்த வழி உங்கள் வீட்டில் நிலைத்து நிற்குமோ, அதுவே நல்ல வழி.

சரி, நமக்கு ஏன் இந்தச் சோற்றுக் கணக்கு என்கிறீர்களா? நம் தட்டில் அது மிதமிஞ்சிப் போனதுதான் காரணம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில், சென்னை டாக்டர் வி. மோகன், டாக்டர் ஆர். எம். அஞ்சனா முதலியோர் நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023-ல் வெளியாயிற்று. அதன்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி, இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். 2025-ல் வெளியான அடுத்த பகுதியோ நம் சாப்பாட்டைப் பற்றியது. நமக்குக் கிடைக்கும் சக்தியில் 62 சதவிகிதம் மாவுச் சத்திலிருந்து வருகிறதாம். மொத்த மாவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமையோ சிறுதானியமோ சாப்பிடுவதால் பலனைக் காணோமாம். அந்த மாவில் ஒரு சிறு பங்கைக் குறைத்துப் பயறு, பால், முட்டை, மீன் இவற்றின் புரதத்தால் ஈடு செய்கிறவர்களுக்குச் சர்க்கரை வியாதியின் அபாயம் குறைவாகத் தெரிகிறதாம்.

மீன்! ஏர்வாடியில் அதற்கா பஞ்சம்?

கடைசிச் சாப்பாடு

"மீன் இருந்துச்சு, தங்கச்சி. எனக்குத்தான் இல்லை" என்றார் ராத்தா.

வீட்டுக்காரரைச் சோதிக்கப் போன ஒரு நாள், "நீங்களும் பார்த்துக்கொள்ளுங்களேன்" என்று நர்ஸ் சொல்ல, ராத்தாவும் விரலை நீட்டினார். அவருக்கும் சர்க்கரை! "நான் ஒண்ணுமே சாப்பிடுறதில்லையே!" என்று அங்கேயே அழுதாராம்.

ஒன்றுமே சாப்பிடுவதில்லையா? வீட்டில் எல்லோரும் சாப்பிட்டான பிறகு ராத்தா உட்காருவார். நடுத்துண்டு வீட்டுக்காரருக்கு, முள் இல்லாத பகுதி பிள்ளைகளுக்கு, தலை மாமியாருக்கு. சட்டியில் மிஞ்சுவது ஆணம் மட்டும். பானையில் மிஞ்சுவது சோறு. வீணாக்கக் கூடாதே என்று அத்தனை சோற்றையும் போட்டு, ஆணத்தை ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவார். சாயங்காலம் அசதி தட்டும். சர்க்கரை போட்ட தேத்தண்ணீர், கூட இரண்டு பிஸ்கோத்து. வீட்டிலேயே அதிக மாவும் குறைந்த புரதமும் சாப்பிட்டது அவர்தான்.

சகோதரி, இதைப் படிக்கும்போது உங்கள் வீட்டு அடுப்படி ஞாபகத்துக்கு வருகிறதா? எனக்கு என் தாயாரின் ஞாபகம் வந்தது. மீன் சாப்பிடாத வீடுகளிலும் கதை இதுதான். காய் தீர்ந்துபோகும், தயிர் தீர்ந்துபோகும். அடியில் தங்கிய ரசமும் ஆறின சோறும் வீட்டுக்காரியின் பங்கு.

அந்த வாரமே ராத்தா ஒரு காரியம் செய்தார். மீன் வெந்ததும் யாருக்கும் பரிமாறுவதற்கு முன்னால், தனக்கு ஒரு துண்டை எடுத்துச் சின்னக் கிண்ணத்தில் மூடி வைத்தார். மாமியார் பார்த்தார், முகம் மாறியது. "எனக்கும் சக்கரை, மாமி. நான் படுத்துட்டா இந்த அடுப்பை யாரு மூட்டுவா?" என்றார் ராத்தா. மாமியார் அதற்குப் பதில் சொல்லவில்லை. மறுநாள் ராத்தா மறந்துபோனபோது, "உன் துண்டை எடுத்து வச்சியா?" என்று கேட்டது அவர்தானாம்.

ஒரே சமையல்

இப்போது அந்த வீட்டில் ஒரே சமையல். தட்டில் பாதி காய்கறி: முருங்கைக்கீரை, புடலை, சுரை, கத்தரி, எது மலிவோ அது. கால் பங்கு மீன். மிச்சக் கால் பங்குதான் சோறு. முதலில் காயும் மீனும், பிறகு சோறு. சீலா வாங்கக் கையைக் கடித்தால் சூடையும் நகரையும் இருக்கவே இருக்கின்றன. சிறு மீனிலும் புரதம் குறைவில்லை. கருவாடு மட்டும் அளவோடு. அதன் உப்பு ரத்த அழுத்தத்துக்கு ஆகாது.

உலை வைக்கும்போதே அரிசியைக் குறைத்துவிடுவதுதான் ராத்தாவின் சூத்திரம். "பானையில் இருந்தாத்தானே தட்டுக்கு வரும்!" வளரும் பிள்ளைகளுக்குச் சோறு வேண்டிய மட்டும் உண்டு. அவர்களுக்கு நிறுத்தியது பாட்டில் பானமும் பிஸ்கோத்தும் மட்டுமே.

விசேஷ நாட்கள்தான் சோதனை. கல்யாண வீட்டில் நாலு பேர் ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்தால், யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று அல்லாவுக்குத்தான் தெரியும். கீழக்கரைத் தொதல் வந்தால் கை சும்மா இருக்காது. "அன்னைக்கு ஒரு நாள் சாப்பிடுவேன். மறுநாளும் விருந்துன்னு நினைச்சுக்கிட மாட்டேன்" என்கிறார் ராத்தா.

மீன் சாப்பிடாதவர்கள் தயிர், பனீர், சுண்டல், நிலக்கடலை, முடிந்தால் முட்டை என்று வைத்துக்கொள்ளலாம். பருப்பில் புரதம் உண்டு. கூடவே மாவும் உண்டு. ஆகையால் பருப்பு கூடும்போது சோறு குறையவேண்டும்.

சில எச்சரிக்கைகள்

முதல் சில நாட்களில் தலைவலி, சோர்வு, மலச்சிக்கல் வரலாம். தண்ணீரும் கீரையும் தாராளமாக வேண்டும். இன்ஸுலின் போடுகிறவர்களும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் சோற்றைக் குறைக்கவே கூடாது. மருந்து அப்படியே இருக்க, மாவு மட்டும் குறைந்தால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயக்கம் வரும். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாவை அடியோடு நிறுத்தினால் ரத்தத்தில் அமிலம் பெருகும் ஆபத்துண்டு. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்தச் சோதனையில் தாமாக இறங்கவேண்டாம்.

எடை பார்க்கும் யந்திரம் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். தையல்காரரின் டேப்பால் இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்கள். நம் நாட்டில் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90. அதைத் தாண்டினால் கவனிக்கவேண்டிய காலம் வந்துவிட்டது. ராத்தா டேப்பும் வைத்திருக்கவில்லை. "போன பெருநாளைக்குத் தைச்ச ரவிக்கை இப்ப தொளதொளங்குது. அது போதாதா?" என்று சிரித்தார். வீட்டுக்காரருக்கும் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. டாக்டர் மாத்திரையை நிறுத்தவில்லை, ஆனால் கூட்டவுமில்லை.

மத்தியானம் என்னைச் சாப்பிடாமல் விடவில்லை. மாமியார் பரிமாறினார். கீரை, புடலங்காய், விளைமீன் ஆணம், கடைசியில் ஓர் அகப்பை சோறு. விருந்தாளியாயிற்றே என்று இன்னோர் அகப்பையும் நீட்டினார். நான் தட்டை மறைத்துக்கொண்டேன். அடுப்படிப் பக்கம் பார்த்தேன். மூடி போட்ட சின்னக் கிண்ணம் இருந்தது.

நாளைக்கு நீங்கள் அரிசி களையும்போது ஒரு பிடியைத் திரும்ப டப்பாவில் போட்டுவிடுங்கள். பரிமாறுவதற்கு முன்னால் உங்களுக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வையுங்கள். வீட்டில் யாராவது கேட்டால், ஏர்வாடி ராத்தா சொன்னார் என்று சொல்லுங்கள்.