எட்டு மைலில் மாறும் சட்டம்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஐடஹோ எல்லையை ஒட்டிய சிற்றூர் புல்மன். எல்லையைத் தாண்டியதும் வருவது ஐடஹோவின் மாஸ்கோ. இடையில் 8 மைல், கோதுமையும் பருப்பும் விளைகிற பலூஸ் குன்றுகள். புல்மனில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம். மாஸ்கோவில் ஐடஹோ பல்கலைக்கழகம். 2020 கணக்கெடுப்பின்படி புல்மனில் சுமார் 33,000 பேர், மாஸ்கோவில் சுமார் 25,000 பேர். இரண்டு ஊருக்கும் விமான நிலையம் ஒன்றே. மின்சார பில் அனுப்பும் கம்பெனியும் ஒன்றே. பழைய ரயில் பாதையைச் செப்பனிட்டு 1998-ல் திறந்த தடத்தில் சைக்கிளிலேயே போய் வரலாம். 1938 முதல் 1968 வரை, இரு பல்கலைக்கழகங்களும் மோதும் அமெரிக்கக் கால்பந்துப் போட்டியில் தோற்ற பக்கத்து மாணவர்கள், வென்றவர்களின் ஊருக்கு நடந்தே போவது ஒரு சடங்காக இருந்தது.

இந்த நெருக்கத்தை வைத்துத்தான், ஆகஸ்டில் வந்து இறங்கும் புதிய மாணவரிடம் சீனியர்கள் "ரெண்டும் ஒரே ஊர் மாதிரிதான்" என்கிறார்கள். சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ எம்.எஸ். படிக்கப் போகிறவர் அதை அப்படியே எடுத்துக்கொள்கிறார். நம் நாட்டில் குற்றவியல் சட்டம் பெரும்பாலும் எங்கும் ஒன்றுதான் என்பதால் அவருக்குச் சந்தேகம் வருவதில்லை. அமெரிக்காவிலோ ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகக் குற்றச் சட்டம், வாடகைச் சட்டம், கூலிச் சட்டம், வரி எல்லாம் வைத்திருக்கிறது. புல்மனுக்கும் மாஸ்கோவுக்கும் நடுவே அத்தனையும் மாறுகின்றன. கடைக்குப் போகும் தூரத்தில் இன்னொரு சட்ட உலகம் இருக்கிறது என்பதுதான் புதியவருக்கு முதலில் சொல்ல வேண்டிய செய்தி. யாரும் அதைச் சொல்வதில்லை.

வீட்டிலிருந்து தொடங்கலாம். பெரும்பாலானோர் விமானம் ஏறும் முன்பே வீடு பிடித்துவிடப் பார்க்கிறார்கள். ஏமாற்றுக்காரர்கள் காத்திருப்பதும் அந்த நேரத்தில்தான். ஊர் நிலவரத்தைவிடக் குறைந்த வாடகை, அழகான படங்கள், "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், அட்வான்ஸ் அனுப்பினால் சாவி கூரியரில் வரும்" என்று ஒரு கதை. அனுப்பிய பணம் திரும்பி வராது. நேரிலோ நம்பகமான ஒருவரின் வீடியோ அழைப்பிலோ உள்ளே பார்க்காத வீட்டுக்கு ஒரு டாலர்கூட அனுப்ப வேண்டாம். சொத்து யார் பெயரில் இருக்கிறது என்பது கவுண்ட்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) ஆவணங்களில் பொதுவில் கிடைக்கும். புல்மனுக்கு விட்மன் கவுண்ட்டி, மாஸ்கோவுக்கு லேட்டா கவுண்ட்டி. ஏற்கெனவே பணம் போய்விட்டதா? அன்றைக்கே வங்கிக்குச் சொல்லுங்கள். போலீசிலும், மத்திய வர்த்தக ஆணையத்திலும், அந்த மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும் புகார் பதியுங்கள்.

அட்வான்ஸ் நம்மூர்போலப் பல மாத வாடகையாக இருக்காது; பொதுவாக ஒரு மாத அளவுதான். ஆனால் அதைத் திரும்ப வாங்குவதில் இரண்டு ஊருக்கும் நிறைய வித்தியாசம். வாஷிங்டனில் எழுத்துப்பூர்வ ஒப்பந்தமும், வீடு இன்ன நிலையில் இருந்தது என்று இருவரும் கையெழுத்திட்ட பட்டியலும் இல்லாமல் ஓனர் அட்வான்ஸ் வாங்கவே கூடாது. அந்தப் பணத்தைத் தனி டிரஸ்ட் கணக்கில் போட்டு வைக்க வேண்டும். காலி செய்த 30 நாளுக்குள் பணத்தைத் தர வேண்டும். பிடித்தம் செய்தால் அதற்கான கணக்கையும் ஆதாரங்களையும் தர வேண்டும். வேண்டுமென்றே தராமல் இழுத்தடித்தால் நீதிமன்றம் இரு மடங்கு வரை வாங்கித் தரலாம். ஐடஹோவில் கெடு 21 நாள். ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் 30 நாள் வரை நீளலாம். வீட்டு நிலைப் பட்டியல் கட்டாயம் என்று அங்கே சட்டம் சொல்லவில்லை. எனவே மாஸ்கோவில் குடியேறுகிறவர் தன் பட்டியலைத் தானே தயாரிக்க வேண்டும்: சாவி வாங்கிய அன்றே சுவர், கம்பளம், அடுப்பு, குளியலறை எல்லாவற்றையும் வீடியோ எடுத்து, அதை ஓனருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட வேண்டும். தேதி பதிந்த அந்த ஒரு மின்னஞ்சல்தான் ஓராண்டு கழித்துச் சாட்சி.

வாடகை தாமதமானால்? வாஷிங்டனில் ஓனர் 14 நாள் அவகாசம் தந்து நோட்டீஸ் தர வேண்டும். ஐடஹோவில் 3 நாள்தான். இந்தியாவிலிருந்து பணம் வந்து சேர ஒரு வாரம் ஆகலாம் என்கிற குடும்பத்துக்கு இது சின்ன விஷயமல்ல. வீட்டுக்குள் நுழைய வாஷிங்டன் ஓனர் பொதுவாக 2 நாள் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும்; ஐடஹோவில் ஒப்பந்தம் என்ன சொல்கிறதோ அதுவே கணக்கு. வாடகை உயர்வுக்கு 2025 மே முதல் வாஷிங்டனில் உச்சவரம்பு இருக்கிறது. விலைவாசி உயர்வோடு 7 சதவீதம் சேர்த்து வரும் அளவு அல்லது 10 சதவீதம், இதில் எது குறைவோ அதற்கு மேல் ஓராண்டில் ஏற்றக் கூடாது. முதல் 12 மாதம் ஏற்றவே கூடாது. 90 நாள் முன்னறிவிப்பு வேண்டும். புதுக் கட்டடங்கள் போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. ஐடஹோவில் அப்படி வரம்பு எதுவும் கிடையாது. நகராட்சிகள் வைக்கவும் மாநிலச் சட்டம் விடாது. இதையெல்லாம் படித்துவிட்டு மாஸ்கோவே வேண்டாம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். எந்த ஊரில் எதை எழுதி வாங்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி மாட்டிவிடுவது கூட்டு ஒப்பந்தம். நான்கு பேர் சேர்ந்து ஒரே தாளில் கையெழுத்துப் போட்டால், முழு வாடகைக்கும் ஒவ்வொருவரும் பொறுப்பு. ஒருவர் இன்டர்ன்ஷிப் கிடைத்து டெக்சாஸ் போய்விட்டால், அவர் பங்கை மற்ற மூவரும் கட்ட வேண்டும். "நாங்க மூணு பேர் எங்க பங்கைக் கட்டிட்டோமே" என்பது எடுபடாது. அறைக்குத் தனித்தனி ஒப்பந்தம் தரும் குடியிருப்புகள் இருக்கின்றன. முதலில் அதைக் கேளுங்கள். இல்லையென்றால், விலகுகிறவர் தன் இடத்துக்கு ஆள் பிடித்துத் தர வேண்டும் என்று ரூம்மேட்டுகள் தங்களுக்குள்ளாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஓனர் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விட்டுப் போவது அடுத்த வம்பு.

இந்தியர் என்பதற்காக, அல்லது சமையல் வாசனையைச் சாக்கு வைத்து இந்தியர்களை மட்டும் ஒதுக்கி வீடு மறுத்தால், அது 1968-ம் ஆண்டின் மத்திய நியாய வீட்டுவசதிச் சட்டப்படி தவறு. மத்திய வீட்டுவசதித் துறையிடம் ஓராண்டுக்குள் புகார் தரலாம். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் பூட்டை மாற்றுவதோ சாமானை வெளியே போடுவதோ இரு மாநிலங்களிலும் கூடாது. அட்வான்ஸ் தகராறுக்குச் சிறு வழக்கு நீதிமன்றம் போதும். வாஷிங்டனில் தனிநபர் 10,000 டாலர் வரை, ஐடஹோவில் 5,000 டாலர் வரை கேட்கலாம்; வக்கீல் வைத்து வாதாடும் இடம் அல்ல அது. ஐடஹோவில் வழக்குக்கு முன் 3 நாள் அவகாசம் தந்து எழுத்தில் கேட்டிருக்க வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

இனி, எல்லாவற்றிலும் ஆபத்தானது. வாஷிங்டனில் 21 வயதானவர் கடையில் கஞ்சா வாங்கலாம். 2012 வாக்கெடுப்பில் மக்களே சட்டமாக்கினார்கள். ஐடஹோவில் எந்த வடிவத்திலும் குற்றம். புல்மன் கடையில் ரசீதோடு வாங்கிய பொட்டலம், 8 மைல் தாண்டினால் ஓராண்டு வரை சிறையும் 1,000 டாலர் வரை அபராதமும் விதிக்கத்தக்க குற்றமாகிவிடும். 3 அவுன்சுக்கு மேல் இருந்தால் இன்னும் கடுமையான பிரிவு. மிட்டாய், கேக் வடிவில் விற்பதும் இதில் அடங்கும். பார்ட்டியில் தட்டு சுற்றி வரும்போது என்ன அது என்று கேட்டுவிட்டுத்தான் கை நீட்ட வேண்டும்.

இதில் அமெரிக்க நண்பர்கள் சொல்லாத, அவர்களுக்குச் சொல்லத் தேவையும் இல்லாத ஒன்று இருக்கிறது. மத்திய அரசின் சட்டத்தில் கஞ்சா இன்றும் தடை செய்யப்பட்ட பொருள்; விசாவை முடிவு செய்வது மத்திய அரசு. புல்மனிலேயே சட்டப்படி வாங்கிப் பயன்படுத்தியதைத் தூதரக அதிகாரியிடமோ விமான நிலையத்திலோ ஒப்புக்கொண்டாலும் நுழைவு மறுக்கப்படலாம். ஆகவே எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவருக்கு எல்லைக்கு இந்தப் பக்கமும் வேண்டாம், அந்தப் பக்கமும் வேண்டாம். இதை நான் ஒழுக்கப் பாடமாகச் சொல்லவில்லை.

போலீஸ் வழக்கு எவ்வளவு சிறியதானாலும் வெளிநாட்டு மாணவர் அதைச் சிறிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2025 ஏப்ரலில் வெளிநாட்டு மாணவர்களுக்கான மத்திய அரசுப் பதிவேடான செவிஸில் ஏராளமானவர்களின் பதிவுகள் திடீரென ரத்தாகின. பழைய போக்குவரத்து வழக்குகள்கூடச் சிலருக்குக் காரணமாயின. நீதிமன்றங்களுக்குப் போன பிறகே பதிவுகள் திரும்பக் கிடைத்தன. நிறுத்தும் போலீசிடம் மரியாதையாகப் பேசி ஆவணங்களைக் காட்டுங்கள். குற்றம் பற்றிக் கேட்டால் வக்கீல் இல்லாமல் பதில் சொல்ல மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. "அபராதத்தைக் கட்டிட்டு முடிச்சிடலாம்" என்று யாராவது சொன்னால், குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன் குடியேற்ற வக்கீலைக் கேளுங்கள். குற்ற வழக்கில் வாதாடும் வக்கீல், ஒப்புதலால் நாடுகடத்தப்படும் ஆபத்து உண்டா என்று தன் கட்சிக்காரருக்குச் சொல்லியாக வேண்டும் என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010-ல் தீர்ப்பளித்திருக்கிறது.

சம்பளத்துக்கு வருவோம். 2026-ல் வாஷிங்டனின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 17.13 டாலர். ஐடஹோவில் 7.25 டாலர், 2009 முதல் மாறாத மத்திய அளவு அது. இந்த இடைவெளியைப் பார்த்து மாஸ்கோ மாணவர் புல்மன் உணவகத்தில் வேலைக்குப் போய்விட முடியாது. எஃப்-1 மாணவர் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம், தன் கல்லூரி வளாகத்துக்குள்தான் வேலை செய்யலாம். வெளியே என்றால் முறையான அனுமதி வேண்டும். கையில் காசாகத் தருகிறேன் என்பவரிடம் போனால் விசா தகுதியே போகும். அப்படிப் போய் மாட்டிக்கொண்டு சம்பளமும் கிடைக்காமல் நிற்கிறவருக்கும் உழைத்த கூலி உரிமைதான். வாஷிங்டன் தொழிலாளர் துறை குடியேற்ற நிலை பார்க்காமல் கூலிப் புகாரை எடுத்துக்கொள்கிறது. ஆனாலும் குடியேற்ற வக்கீலைப் பார்த்துவிட்டு அங்கே போவதே நல்லது.

மாணவர் வாங்கும் சம்பளத்துக்கு வாஷிங்டனில் மாநில வருமான வரி இல்லை. ஐடஹோவில் உண்டு, புல்மனில் குடியிருந்து ஐடஹோ பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தாலும் அந்தச் சம்பளம் ஐடஹோ வரிக்கு உட்பட்டது. மளிகையிலும் இதே கதைதான்: ஐடஹோவில் அரிசி, பருப்புக்கும் 6 சதவீத விற்பனை வரி, வாஷிங்டனில் சமைக்காத உணவுப் பொருளுக்கு வரி இல்லை. அரிசி மூட்டை எந்தப் பக்கம் வாங்குவது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சம்பளமே வாங்காத எஃப்-1 மாணவரும் ஆண்டுதோறும் மத்திய வரித்துறைக்கு 8843 என்ற படிவம் அனுப்ப வேண்டும்.

மருத்துவத்தில், உயிர் ஆபத்தோடு அவசரப் பிரிவுக்கு வந்தவரைப் பணம் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது என 1986 முதல் மத்தியச் சட்டம் இருக்கிறது. பில் பிறகு வரும், பெரிதாகவே வரும். அதைப் பார்த்துப் பயந்து கிரெடிட் கார்டில் தேய்க்கும் முன் மருத்துவமனையின் நிதியுதவி விண்ணப்பத்தைக் கேட்டு வாங்குங்கள். வருமானம் குறைந்தவருக்கு பில்லைக் குறைக்க வாஷிங்டன் சட்டம் மருத்துவமனைகளைக் கட்டாயப்படுத்துகிறது. பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று: கருக்கலைப்பு வாஷிங்டனில் சட்டப்படி அனுமதிக்கப்பட்டது, ஐடஹோவில் 2022 முதல் மிகச் சில விலக்குகள் தவிர முழுத் தடை.

பெற்றோர் இணையத்தில் மாஸ்கோ, ஐடஹோ என்று தேடினால் முதலில் வருவது 2022 நவம்பரில் நான்கு மாணவர்கள் கொல்லப்பட்ட செய்தி. கொன்றவர் புல்மனில் முனைவர் பட்டத்துக்குப் படித்தவர். 2025-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பயப்படுவது இயல்பு. அதற்குப் பிறகு கதவைப் பூட்டும் பழக்கம் அந்த ஊருக்கு வந்துவிட்டது, புதியவரும் பூட்டட்டும். ஆனால் ஒரு மாணவர் அன்றாடம் எதிர்கொள்ளும் ஆபத்து பனிக்கால ரோடுதான். ஸ்போக்கேன் போகும் 195-ம் எண் நெடுஞ்சாலையில் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலமும் குறுக்கே பாயும் மான்களும் உண்டு. முதல் குளிர்காலத்தில் நீங்கள் ஓட்ட வேண்டாம்.

படிப்பு ஒரு பக்கம், வாடகை குறைந்த வீடு மறுபக்கம் என்று எல்லை தாண்டிக் குடிபோகிறவர் மாநிலம் மாறுகிறார். 10 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் புது முகவரியைப் பதிய வேண்டும். கார் இருந்தால் பதிவும் காப்பீடும் மாறும். ஓட்டுநர் உரிமத்துக்கு வாஷிங்டனில் குடிவந்தவருக்கு 30 நாள், ஐடஹோவில் 90 நாள் கெடு. மாணவருக்கு எது பொருந்தும் என்பதை உரிமம் தரும் அலுவலகத்திலேயே கேட்டுவிடுங்கள்.

உதவிக்கு ஆள் இல்லாத ஊர்கள் அல்ல இவை. இரு மாநிலங்களிலும் 211 என்ற எண்ணை அழைத்தால் உள்ளூர் உதவி அமைப்புகளைச் சொல்வார்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு வாஷிங்டனில் நார்த்வெஸ்ட் ஜஸ்டிஸ் ப்ராஜெக்ட், ஐடஹோவில் ஐடஹோ லீகல் எய்ட் சர்வீசஸ் இலவச சட்ட உதவி தருகின்றன.

இந்த ஊர்களில் இருக்கும் தமிழ் சீனியர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதியவரை ஸ்போக்கேன் விமான நிலையத்திலிருந்து கூட்டி வருகிறீர்கள், முதல் நாள் சாம்பார் வைத்துப் போடுகிறீர்கள், புல்மன் பருப்புத் திருவிழாவுக்கு அழைத்துப் போகிறீர்கள். அதோடு, அவர் கையெழுத்துப் போடும் முன் வாடகை ஒப்பந்தத்தை ஒரு முறை உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். கஞ்சா பற்றி வெட்கப்படாமல் பேசுங்கள். முதல் வாரத்திலேயே சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு நீங்களே கூட்டிப் போய் விட்டுவிட்டு வாருங்கள்.