உங்களுக்குத் தெரியுமா?

1825 வரை செங்கல்பட்டுக் கடற்கரையில் நெதர்லாந்துக்கு ஓர் ஊர் சொந்தமாக இருந்தது! மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் பக்கத்தில் இருக்கும் சதுரங்கப்பட்டினம்தான் அது. ஐரோப்பியர் வாயில் 'சத்ராஸ்'.

● தன் நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் நாட்டினரான டச்சுக்காரர்கள், இங்கே கடலைப் பார்த்தபடி செங்கல் கோட்டை கட்டினார்கள். அவர்களை இழுத்து வந்தது இவ்வூரின் மஸ்லின் துணி.

● கோட்டைக்குள் டச்சுக் கல்லறைகள் உண்டு. கப்பலும் குலச்சின்னமும் செதுக்கிய அந்தக் கற்களுக்காகவே ஒருமுறை போகலாம்.

● அமெரிக்க விடுதலைப் போரில் பிரெஞ்சுக்காரரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயருக்கு எதிராக நின்றதால், அதன் அலை இங்கும் அடித்தது. 1781-இல் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்தனர். 1782 பிப்ரவரி 17 அன்று இந்தக் கடலில் பிரெஞ்சு, ஆங்கிலக் கப்பற்படைகள் மோதின. வென்றது யார்? இருவருமில்லை.

● 1818-இல் ஊர் மீண்டும் டச்சுக்காரர் கைக்கு வந்தது. 1824-இல் லண்டனில் ஓர் ஒப்பந்தம்: சுமத்ராவில் இருந்த பென்கூலன் டச்சுக்காரருக்கு; மலாக்காவும் இந்தியாவில் அவர்கள் வைத்திருந்த ஊர்களும் ஆங்கிலேயருக்கு. மறு ஆண்டே சதுரங்கப்பட்டினம் கைமாறியது. ஊர்க்காரர்களை யாரும் கேட்கவில்லை.

● கோட்டை இப்போது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.