ஒரு நகரம், நான்கு அரசுகள்

காசியாபாத்தில் குடியிருந்து, டெல்லியில் பணிபுரிந்து, ஞாயிறன்று குருகிராமில் உறவினரைக் காணச் செல்லும் ஒருவர், ஒரே வாரத்தில் மூன்று அரசுகளின் ஆளுகைக்குள் நடமாடுகிறார். அவருக்கு அது ஒரே நகரம். வீட்டுப் பத்திரத்துக்கான முத்திரைத் தீர்வையும் நில உபயோக விதிகளும் அவ்வாறு கருதுவதில்லை.

இம்முரண் திட்டமிடுவோருக்குப் புதிதன்று. சுற்றியுள்ள காசியாபாத், பரீதாபாத், குர்கான் முதலிய ஊர்களையும் வளர்த்தாலன்றித் தலைநகரின் நெரிசல் தணியாது என்பதை, 1962-இல் நடைமுறைக்கு வந்த டெல்லியின் முதல் பெருந்திட்டமே உணர்ந்திருந்தது. ஆயினும் டெல்லியில் வரைந்த திட்டம் அண்டை மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது. நிலம் மாநிலப் பட்டியலைச் சேர்ந்தது. ஆகவே அரசமைப்புச் சட்டத்தின் 252-ஆம் பிரிவு துணைக்கு அழைக்கப்பட்டது. ஹரியானா, ராஜஸ்தான், உத்தரப் பிரதேசச் சட்டமன்றங்கள் தீர்மானம் நிறைவேற்றி இசைந்த பின்னரே, தேசியத் தலைநகர் மண்டலத் திட்ட வாரியச் சட்டம் 1985-இல் பிறந்தது.

இன்று இம்மண்டலத்தின் பரப்பு ஏறத்தாழ 55,000 சதுர கிலோமீட்டர். அதில் டெல்லியின் பங்கு 1,483 மட்டுமே. மண்டலத் திட்டத்தை வாரியம் வகுக்கிறது. அதற்கு இசைவான துணைத் திட்டங்களை ஒவ்வோர் அரசும் தயாரிக்கிறது. மண்டலத் திட்டத்துக்கு முரணான வளர்ச்சிப் பணியைச் சட்டம் தடுக்கிறது. எனினும் சட்டத்தைவிட வாரியத்தின் கையில் உள்ள மற்றொரு கருவியே எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது: குடிநீர், சாலை போன்ற பணிகளுக்கு அது மாநிலங்களுக்குக் கடன் வழங்குகிறது. கடன் கொடுப்பவரின் சொல்லுக்குள்ள மதிப்பை இவ்விதழின் வாசகர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

பணம் கலந்த இடத்தில் எல்லைகள் நெகிழ்கின்றன என்பதற்கு டெல்லி–மீரட் விரைவு ரயில் தடம் சான்று. 82 கிலோமீட்டர் நீளமுள்ள இத்தடத்தை அமைக்கும் நிறுவனத்தில் மத்திய அரசுக்குப் பாதிப் பங்கு. நான்கு அரசுகளுக்கும் தலா 12.5 விழுக்காடு. ஹரியானாவின் மண்ணையோ ராஜஸ்தானின் மண்ணையோ இத்தடம் தொடவில்லை. எனினும் அவ்விரு மாநிலங்களும் பங்குதாரர்களே. 2023 அக்டோபரில் சாகிபாபாத் முதல் துஹாய் வரையிலான முதற்கட்டம் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2018-இல், கிழக்கு, மேற்குப் புறவட்ட விரைவுச்சாலைகள் டெல்லிக்கு வேலையில்லாத சரக்கு வாகனங்கள் நகருக்குள் நுழையாமலே கடந்துசெல்ல வழிசெய்தன.

இவற்றின் நிழலில் மனை வாங்க விழைவோர் சற்று நிதானிக்க வேண்டும். மண்டலத் திட்டம் பெரும் பரப்பின் போக்கைச் சொல்வது. குறிப்பிட்ட சர்வே எண்ணில் வீடு கட்டலாமா என்பதை அவ்வூரின் பெருந்திட்டமே சொல்லும். ‘ரயில் நிலையம் அருகில்’ என்னும் விளம்பரம் விவசாய நிலத்தைக் குடியிருப்பு நிலமாக்கிவிடாது. 2016-ஆம் ஆண்டு மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழான பதிவும் மாநிலவாரியானதே: நொய்டா வீட்டுக்கு உத்தரப் பிரதேச ஆணையத்தின் பதிவு, குருகிராம் வீட்டுக்கு ஹரியானா ஆணையத்தின் பதிவு. கடன் கோரும்போது வங்கியின் வழக்கறிஞர் பார்ப்பதும் இவற்றைத்தான். முன்பணம் கொடுக்குமுன் நாமே பார்த்துவிடுவது நலம்.

முன்னுரிமை பெற்ற விரைவு ரயில் தடங்கள் மூன்று: மீரட், பானிபட், ஆள்வார். மூன்றும் ஒரே வரைபடத்தில் ஒரே அழுத்தத்தில் கோடிடப்பட்டவை. முதலில் ரயில் ஓடியது மீரட் தடத்தில் மட்டுமே.